பசிக்கும் பாலுக்கும் நடுவே

நாலரை மாதக் குழந்தைக்கு ‘வேண்டாம்’ சொல்ல நன்றாகத் தெரியும். உதட்டை இறுக்கும். தலையைத் திருப்பும். வாய்க்குள் போனதை நாக்கால் வெளியே தள்ளும். அப்போதும் நாம் விடவில்லை என்றால் முதுகை வளைத்து, காலை உதைத்து அழும். பேச்சு வருவதற்கு எவ்வளவோ முன்பே இவையெல்லாம் வந்துவிடுகின்றன. முதல் மூன்றில் ஏதாவது ஒன்றைப் பார்த்ததுமே நாம் நிறுத்திவிட்டால் அழுகை வரை போகாது. பேத்தியின் பாட்டில் விஷயத்தில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இது ஒன்றுதான்.

*

மகளுக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு. 2017இல் சட்டத்தைத் திருத்திய பிறகு வந்த அளவு இது. அதற்கு முன் 12 வாரம்தான். இந்த 26க்குள்ளேயே பிரசவத்துக்கு முந்தைய ஓய்வும் அடக்கம். எட்டு வாரம் வரை முன்கூட்டி எடுக்கலாம். மகளுக்குக் கால் வீங்கி, ரத்த அழுத்தமும் ஏறியதால் ஆறு வாரம் முன்னதாகவே வீட்டில் இருக்கும்படி டாக்டர் சொல்லிவிட்டார். மீதி இருந்தது 20 வாரம்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று எந்த ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தாலும் எழுதியிருக்கிறது. விடுப்பின் கணக்கு பிரசவத்துக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது. பாலின் கணக்கு பிறந்த பிறகுதான் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் விழும் ஆறு வாரத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் திருநெல்வேலியிலிருந்து வேளச்சேரிக்கு வந்திருக்கிறேன்.

எதிர்வீட்டில் இருப்பவர் அரசுப் பள்ளி ஆசிரியை. மாநில அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு விடுப்பு. அவர் பிள்ளை பாட்டிலைப் பார்த்ததே இல்லை. பால்குடியிலிருந்து நேராகப் பருப்புச் சோற்றுக்கு வந்துவிட்டான். தெருக்கோடியில் கட்டடம் எழும்பும் இடத்தில் செங்கல் சுமக்கும் பெண்ணுக்கு விடுப்பு என்று ஒரு நாளும் கிடையாது. ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் சேலையில் தூளி கட்டியிருக்கிறாள். அழுகுரல் கேட்டதும் சும்மாட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து பால் கொடுக்கிறாள். என் மகளைவிட அவள் தன் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறாளே என்று ஒரு கணம் தோன்றியது. அந்த வெயிலையும் சிமெண்ட் தூசியையும் நினைத்ததும் அந்த எண்ணத்தை விட்டேன். இரண்டு பேருக்கும் நியாயம் கிடைக்கவில்லை.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. மகளின் அலுவலகத்தில் அது இன்னும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் குறிப்புகளில் பாதிக்கு அவசியமே இருந்திருக்காது.

*

மகள் பால் கொடுக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்கும் இதெல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் அப்போது குனிந்துதான் பார்க்க முடிந்தது. எதிரே இருந்து பார்ப்பது வேறு.

முதலில் வேகவேகமாக, மேலோட்டமாக உறிஞ்சுகிறாள். அப்போது பால் அவ்வளவாக வருவதில்லை. அது அழைப்பு மட்டும்தான். சிறிது நேரத்தில் தாயின் உடம்பு அதைக் கேட்டுப் பாலை இறக்குகிறது. உடனே வாயின் வேகம் மாறுகிறது. ஆழமான ஓர் இழுப்பு, ஒரு விழுங்கல், ஒரு மூச்சு. காதுக்குக் கீழே தாடை ஏறி இறங்குவது கழுத்து மடிப்பு வரை தெரிகிறது. நடுவில் தானாக நிறுத்துகிறாள். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். தாலிச்சரட்டில் விரலை மாட்டிக்கொண்டு மீண்டும் தொடங்குகிறாள். பால் எப்போது வர வேண்டும், எவ்வளவு வர வேண்டும், எப்போது போதும் என்பதெல்லாம் அவள் வசத்தில் இருக்கிறது.

பாட்டிலைக் கவிழ்த்தால் கேட்காமலே சொட்டுகிறது. வாய் நின்றாலும் சொட்டு நிற்பதில்லை. மார்க்காம்பு வாய்க்குள் மேலண்ணத்தின் மெத்தென்ற இடம் வரை நீண்டு, வாய்க்குத் தகுந்தபடி வடிவம் கொள்கிறது. சிலிக்கான் நிப்பிளுக்கு இருப்பது ஒரே வடிவம். குழந்தைதான் அதற்கு ஏற்ப மாற வேண்டும். பிறந்த புதிதில் உறிஞ்சுவது அனிச்சைச் செயல், எதை வைத்தாலும் வாய் வேலை செய்யும். மூன்று நான்கு மாதம் ஆகும்போது அது மெல்ல மெல்லக் குழந்தையின் விருப்பமாகிவிடுகிறது. அதனால்தான் தாய்ப்பால் நன்றாக ஊன்றியபின், முதல் மாதத்தை ஒட்டி, அவ்வப்போது பாட்டிலைக் காட்டிவைத்தால் பின்னால் சிரமம் குறையும் என்கிறார்கள். அந்தக் கட்டத்தைப் பேத்தி தாண்டிவிட்டாள். இனி அவள் சம்மதிக்க வேண்டும்.

*

வாசனை பற்றி.

1975இல் ஐடன் மெக்ஃபர்லேன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு சோதனை செய்தார். பால் கொடுக்கும் தாய்மார்கள் மார்போடு வைத்திருந்த பஞ்சுத் துணிகளை எடுத்து, குழந்தையின் தலைக்கு ஒரு பக்கம் சொந்தத் தாயின் துணியையும் மறுபக்கம் வேறொரு தாயின் துணியையும் வைத்தார். பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தைகளிடம் வித்தியாசம் தெரியவில்லை. ஆறு நாள் ஆனவை தம் தாயின் துணிப் பக்கமே அதிகம் திரும்பின.

ஆறு நாளிலேயே அப்படி என்றால், நாலரை மாதத்தில் அம்மா பக்கத்து அறையில் இருப்பது இவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கதவைச் சாத்திவிட்டு மகள் உள்ளே இருந்தபோது இவள் கண் கதவிலேயே இருந்தது. இப்போது பாட்டில் நேரத்தில் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறாள். முதலில் எனக்கு இது கல்நெஞ்சுக் காரியமாகப் பட்டது. யோசித்தால் இதுதான் நேர்மை. அசல் இரண்டடி தூரத்தில் இருக்கும்போது வேறொன்றை ஏற்றுக்கொள் என்று கேட்பதில் நியாயம் இல்லை.

அவள் உடுத்திக் களைந்த பருத்திச் சேலையை என் தோளில் போட்டுக்கொள்கிறேன். சில பிள்ளைகளுக்கு இது ஆறுதல். சில பிள்ளைகளுக்கு அம்மா எங்கே என்ற தேட்டத்தைக் கிளப்பிவிடும். இவள் சேலையில் முகத்தைத் தேய்த்துவிட்டு அமைதியாகிறாள். அதனால் தொடர்கிறோம்.

*

பாலிலும் வாசனை இறங்குகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். அமெரிக்காவில் ஜூலி மெனெல்லா என்ற அறிவியலாளர் 1991இல் இதையே சோதித்துப் பார்த்தார். தாய் பூண்டு சாப்பிட்டால் சில மணி நேரத்தில் பாலில் அந்த மணம் வருகிறது. அந்தப் பாலைக் குழந்தைகள் வெறுக்கவில்லை, இன்னும் கூடுதல் நேரம் மார்பிலேயே இருந்தன. ஆக, பாட்டிலில் ஊற்றிய பாலும் குழந்தைக்கு அறிமுகமான பால்தான். அந்நியமாக இருப்பது பாத்திரமும் கையும்.

ஆனால் ஒரு நாள் மாறுதல் தெரிந்தது. ஃப்ரிட்ஜில் இருந்த பாலை வெதுவெதுப்பாக்கி மூடியைத் திறந்தபோது சோப்பு வாடை. கெட்டுப்போகவில்லை. தாய்ப்பாலில் கொழுப்பைச் செரிக்க உதவும் லிப்பேஸ் என்ற நொதி உண்டு. குளிரில் வைத்தாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். சில தாய்மார்களின் பாலில் அந்த வாடை சீக்கிரம் வந்துவிடுகிறது. குடித்தால் தீங்கில்லை, ஆனால் பல குழந்தைகள் முகம் சுளிக்கும். எடுத்த உடனே, ஓரத்தில் சின்னக் குமிழிகள் தோன்றும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றியபின் உள்ளே வைத்தால் வாடை வருவதில்லை. பாலின் சத்துகளில் கொஞ்சம் அந்தச் சூட்டில் போகும். அதனால் மறுநாளுக்கு வேண்டியதை மட்டும் அப்படிச் செய்கிறோம். ‘குழந்தை பாட்டிலை வெறுக்கிறது’ என்று தலையில் கைவைக்கும் வீடுகளில், ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

*

25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் பால் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. சித்திரை மாதச் சென்னையில் ஏசி ஓடாத எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? எடுத்ததும் ஃப்ரிட்ஜ்தான். அங்கே நான்கு நாள் தாங்கும். கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். டப்பாவின் மேல் தேதியும் நேரமும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஓரிடம் கொதித்தும் ஓரிடம் ஆறியும் கிடந்து வாயைச் சுட்டுவிடும். கிண்ணத்தில் சுடுதண்ணீர் ஊற்றி அதற்குள் டப்பாவை இறக்கி வைப்பேன். மேலே ஏடுபோல் கொழுப்பு ஒதுங்கியிருக்கும். குலுக்காமல் மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. குடித்து மிஞ்சியது இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்ட வேண்டியதுதான். இரவெல்லாம் உட்கார்ந்து மகள் பீய்ச்சி எடுத்த பாலைக் கொட்டும்போது மனம் கேட்பதில்லை. அதனால் முதலில் 30 மில்லி மட்டுமே ஊற்றுகிறேன். வேண்டுமென்றால் இன்னும் 30.

*

கீழ்வீட்டு அம்மா நல்ல மனதோடு சொன்னார்: “நிப்பிள்ல லேசா தேன் தடவிக் குடுங்கம்மா, கப்புனு பிடிச்சுக்கும்.”

ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் நுண்ணுயிர் வித்துகள், பக்குவப்படாத குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். உடம்பையே தளரச் செய்யும் நோய் அது. அரிது, ஆனால் ஆபத்து. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். பிறந்ததும் நாக்கில் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்கிற வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லோரும். அவருக்கு இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

இன்னொருவர் வேப்பெண்ணெய் யோசனை சொன்னார். அது பால் மறக்கடிக்கும்போது மார்பில் தடவுவது. இங்கே யாரும் எதையும் மறக்க வேண்டியதில்லை. அம்மாவின் பால் அம்மாவிடம் இருக்கும். அவள் இல்லாத நேரத்துக்கு மட்டும் இன்னொரு வழி வேண்டும். பசிக்கட்டும், வேறு வழியில்லாமல் குடிப்பாள் என்று சொல்கிறவர்களும் உண்டு. கடும் பசியில் இருக்கும் குழந்தையால் புதிதாக ஒன்றையும் கற்றுக்கொள்ள முடியாது. அழுகிற வாயில் பாலை விட்டால் புரையேறும். அதோடு அந்தப் பாட்டிலைக் கண்டாலே பயம் வந்துவிடும்.

*

முதலில் கைகொடுத்தது சங்குதான். பாலாடை என்றும் சொல்வார்கள். உரைமருந்து புகட்ட என்று ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளிச் சங்கு, அலமாரியில் டிஷ்யூ தாளில் சுற்றிக் கிடந்தது. தேய்த்து, வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்தேன்.

மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு கையால் முதுகையும் பிடரியையும் தாங்கிக்கொள்ள வேண்டும். சங்கின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். ஊற்றக் கூடாது. பேத்தி நாக்கை நீட்டினாள். நுனியில் பட்டதும் புருவம் சுருங்கியது. வாய்க்குள் கொண்டுபோய்ச் சுவைத்தாள். தொண்டை அசைந்தது. பிறகு என் கையைப் பார்த்தாள், இன்னும் இருக்கிறதா என்பதுபோல். “இருக்குடி என் தங்கம், ஆச்சி எங்கயும் போகல” என்றேன். ஒரு சங்குப் பால் இறங்க வெகுநேரம் ஆயிற்று. கழுத்துத் துணியில் பாதி. பரவாயில்லை.

எடை குறைந்து பிறந்து, இன்னும் மார்பில் குடிக்க முடியாத குழந்தைகளுக்குப் பாட்டில் வேண்டாம்; கிண்ணத்திலோ பாலாடையிலோ கரண்டியிலோ புகட்டுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்தச் சங்குக்கும் இடமுண்டு. திறந்த பாத்திரம். ஒரு தேய்ப்பில் சுத்தமாகும்.

பாட்டிலை நான் நம்பத் தயங்குவதற்கும் இதுவே காரணம். கழுவி முடித்தபின் மூடியின் மரையைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தால், அந்தத் திருகுக்குள் வெள்ளையாக ஒரு கோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரஷ்ஷின் நுனியால் எடுத்தால்தான் வரும். வயிற்றுப்போக்கு அந்தக் கோட்டில் தொடங்கலாம். பாட்டிலும் டப்பாப் பாலும் சேர்ந்து ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோன வரலாறு நீளமானது. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1939இல் சிங்கப்பூரில், இனிப்பூட்டிய டப்பாப் பாலைக் குழந்தை உணவென்று விற்றதால் நேர்ந்த சாவுகளைக் கொலையாகவே கொள்ள வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினார். உலக நாடுகள் கூடி விற்பனை நெறிமுறை வகுக்க 1981 ஆனது. நம் நாட்டில் 1992இல் வந்த சட்டம், குழந்தைப் பால் மாவுக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதையே தடுத்தது. டிவியில் எல்லாம் வருகிறது, பால் பாட்டில் வருவதில்லை என்பதைப் பலரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்தும் பாட்டில் எதற்கு? அடுத்து இந்த வீட்டுக்கு வரப்போகிறவர் சம்பந்தி அம்மா. அவருக்குக் கை நடுக்கம். சங்கைச் சாய்த்துப் பிடிக்க அவரால் ஆகாது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள அவர் ஆசைப்படுகிறார். அந்தக் கைக்குத் தகுந்த பாத்திரம் எதுவோ அதை இவள் கற்றுக்கொள்ளட்டும்.

*

பாட்டில் பழகிய விதம்.

தூங்கி எழுந்து, இன்னும் முழுசாக விழிக்காத நேரம். பசி இருக்கும், அவசரம் இருக்காது. மகள் பால் கொடுக்கும்போது படுக்கவைத்துக்கொள்வது போல நான் வைத்துக்கொள்வதில்லை. அந்தக் கிடையில் அவள் மார்பைத் தேடுகிறாள். என் மார்பில் முதுகு சாய்த்து, வெளியே பார்க்க உட்காரவைத்தேன். பால்கனிக் கம்பியில் காக்கை. நிப்பிளை வெந்நீரில் நனைத்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மேலுதட்டில் தொட்டுவிட்டுக் காத்திருந்தேன். மெதுவாகச் சொட்டுகிற, சின்னத் துளை நிப்பிள். வாய் திறக்கவில்லை. எடுத்துவிட்டேன். காக்கையைப் பற்றிப் பேசினோம். மறுபடி தொட்டேன். வாங்கி, கடித்து, ஈறில் தேய்த்து, துப்பினாள். அன்றைக்கு அவ்வளவுதான்; மீதியைச் சங்கில் கொடுத்தேன்.

பல நாட்கள் கடிப்பதும் துப்புவதுமாகவே போயின. ஒரு மத்தியானம், கடித்துக்கொண்டிருந்தபோதே ஓர் இழுப்பு இழுத்துவிட்டாள். அவளுக்கே திகைப்பு. நின்றாள். பாட்டிலைக் கவிழ்க்காமல் படுக்கை வாட்டத்தில் பிடித்திருந்ததால் பால் தானாக வரவில்லை. இன்னோர் இழுப்பு. அவள் இழுத்தால் வந்தது, நிறுத்தினால் நின்றது. அம்மாவிடம் அவள் கையில் இருந்த அதிகாரத்தில் கொஞ்சமாவது இங்கேயும் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். நாலைந்து விழுங்கலுக்கு ஒருமுறை நானே பாட்டிலைத் தாழ்த்தி மூச்சு வாங்க விட்டேன். பாதியில் தலையைத் திருப்பினாள். “இன்னும் இவ்வளவு இருக்கே” என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லாமல் எடுத்து வைத்தேன்.

*

செய்தி சொன்னபோது மகள் சிரித்தாள். பிறகு அடுக்களைக்குப் போனாள். போய்ப் பார்த்தால் குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குடிக்கமாட்டேன் என்றபோது வேலைக்கு எப்படிப் போவேன் என்ற கலக்கம். குடித்துவிட்டாள் என்றதும் என்னை விட்டு இருந்துவிடுவாளே என்ற கலக்கம். எதைச் சொல்லித் தேற்றுவது? பக்கத்தில் நின்றுகொண்டேன்.

இரவில் பேத்தி விடாமல் குடிக்கிறாள். பகலில் அம்மா இல்லாத பிள்ளைகள் பலவும் இப்படித்தான். பகலில் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, இரவில் சேர்த்து வாங்கிக்கொள்ளும். மகளுக்குத் தூக்கம் போகிறது. ஆனால் அந்த இருட்டில் இருவரும் இருப்பதைப் பார்த்தால், பாட்டில் எதையும் பறித்துக்கொள்ளவில்லை என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

*

சம்பந்தி அம்மாவுக்கு எழுதி வைப்பது:

குழந்தை ஒரு நாளைக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து 750 மில்லியை ஒட்டித்தான். உங்கள் மருமகள் வெளியே இருக்கும் பத்து மணி நேரத்துக்கு 300 மில்லி தாராளம். அதற்குக் குறைவாகக் குடித்தாலும் பதற வேண்டாம். நாளுக்கு ஆறு முறையாவது மூத்திரம் போகிறாளா, முகம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அது குறைந்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தலையணையில் பாட்டிலைச் சாய்த்துவைத்துவிட்டு நகர வேண்டாம். உங்களால் முடியாத நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டால் வருவார், சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் உங்களிடம் குடிக்கமாட்டாள். உங்கள் கையும் குரலும் பழகட்டும். அதுவரை அவரே வந்து சங்கில் கொடுப்பார், அவர் மடி அவளுக்குப் பழக்கம்தான். தலையைத் திருப்பினால் விட்டுவிடுங்கள். ஆறு மணிக்கு மேல் அழுதால் கொஞ்சமாகவே கொடுங்கள். ஏழு மணிக்கு உங்கள் மருமகள் வரும்போது இவளுக்குப் பசி இருக்கட்டும். அவளுக்கும் அந்நேரம் பால் கட்டி வலித்துக்கொண்டிருக்கும்.